களையும் பயிரும்

நுழையும் முன்

பயிர் செழிக்க வேண்டுமானால் களை எடுக்க வேண்டும். ஆனால், களை எது, பயிர் எது என்று அறியாதவர் வயலில் இறங்கினால் இரண்டுமே போய்விடும். இவ்வுண்மை வயலுக்கு மட்டுமன்று, நம் வீட்டு மடிக்கணினிக்கும் பொருந்தும். வேகம் குறைந்த கணினியைச் சீர்செய்வது எப்படி? அதிலிருந்து எதை நீக்கலாம், எதை நீக்கக் கூடாது? இப்பாடத்தில் அறிவோம்.

தாத்தாவின் பக்கங்கள்

என்னிடம் தமிழ் பயிலும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் வீட்டில் ஒரு மடிக்கணினி உண்டு. தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகளுள் அதுவும் ஒன்று. அத்திட்டம் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பட்டது. பின்னாளில், திருநெல்வேலியில் மேல்நிலை வகுப்பில் படித்த மாணவியின் பெரியம்மா மகளுக்கு ஒரு கணினி கிடைத்தது. அந்த அக்கா கல்லூரிப் படிப்பை முடித்ததும், அக்கணினி தாத்தாவின் பெட்டியோடு தொடர்வண்டி ஏறித் தில்லிக்கு வந்து சேர்ந்தது.

அதில் மாணவி பள்ளிப் பணிகளைச் செய்தாள். அவள் தம்பி விளையாடினான். தாத்தா மாலைதோறும் தம் குறிப்புகளைத் திறந்து படித்துத் திருத்தினார். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தாமிரபரணிப் பாசனப் பகுதியில் வழங்கும் உழவுச் சொற்களைப் பல ஆண்டுகளாகத் திரட்டி வந்தார். மடை, மதகு, மறுகால், கலிங்கு என ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளும் விளக்கமும் எழுதியிருந்தார். முன்பு வைத்திருந்த கணினியில் தட்டச்சு செய்த அப்பக்கங்களை இதற்கு மாற்றி வைத்திருந்தார்.

நாளடைவில் கணினி மந்தமாயிற்று. பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் போட்டுக் குடித்து முடித்தாலும் திரை ஆயத்தமாகவில்லை. “இதை நேரு பிளேசில் கொடுத்துவிட்டுப் புதியது ஒன்று வாங்கிவிடலாம்” என்றார் அப்பா. “ஒரு வாரம் பொறுங்கள், அப்பா. நான் சரிசெய்து பார்க்கிறேன்” என்றாள் மாணவி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கணினியின் முன் அமர்ந்தாள். தனக்குப் பெயர் தெரியாத மென்பொருள்களையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்கினாள். மாலைக்குள் கணினி விரைவாக இயங்கத் தொடங்கியது. வீட்டில் அனைவரும் பாராட்டினர்.

மறுநாள் மாலை தாத்தா தம் கோப்பைத் திறந்தார். தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. பக்கம் முழுவதும் பொருளற்ற ரோமன் எழுத்துகளும் குறிகளுமே நிறைந்திருந்தன. அவர் சினம் கொள்ளவில்லை. “எல்லாம் போயிற்றா, அம்மா?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் கணினியை மூடினார்.

அடுத்த நாள் வகுப்பு முடிந்ததும் அவள் கண்ணீருடன் என்னிடம் வந்தாள். அவள் செய்தவற்றுள் சரியானது எது? தவறானது எது? வரிசையாகக் காண்போம்.

கணினி மந்தமாவது ஏன்?

நம் அடுப்படியை எண்ணிப் பாருங்கள். சமைக்கும்போது தேவையானவற்றை மேடையின் மீது எடுத்து வைத்துக்கொள்கிறோம். எப்போதோ தேவைப்படும் பாத்திரங்களைப் பரணில் வைக்கிறோம். கணினியிலும் மேடை ஒன்றும் பரண் ஒன்றும் உள்ளன. மேடை போன்றது ரேம் எனப்படும் தற்காலிக நினைவகம். பரண் போன்றது கோப்புகளை நிலையாக வைத்திருக்கும் வன்தட்டு.

நாம் ஒரு மென்பொருளைத் திறந்தால், கணினி அதைப் பரணிலிருந்து இறக்கி மேடையில் வைக்கிறது. பல மென்பொருள்கள் ஒரே நேரத்தில் இயங்கினால் மேடை நிரம்பிவிடும். அப்போது கணினி சிலவற்றைத் திரும்பப் பரணில் ஏற்றும். தேவைப்படும்போது மீண்டும் இறக்கும். இவ்வாறு ஏற்றுவதிலும் இறக்குவதிலுமே நேரம் கழிகிறது. நாம் காணும் தாமதத்திற்கு இது முதன்மையான காரணம்.

இரண்டாவது காரணம், நாம் திறக்காமலேயே இயங்கும் மென்பொருள்கள். பல மென்பொருள்கள் கணினி தொடங்கும்போதே தாமும் தொடங்கும்படி அமைக்கப்பட்டுள்ளன. அவை திரையில் தெரியாமல் மேடையின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

மூன்றாவது காரணம், இடமின்மை. வன்தட்டு முழுவதும் நிரம்பிவிட்டால், கணினி தன் அன்றாட வேலைகளைச் செய்வதற்கும் இடம் கிடைப்பதில்லை.

அழையாமல் வந்த மென்பொருள்கள்

நாம் நிறுவாத மென்பொருள்கள் நம் கணினிக்குள் எவ்வாறு வருகின்றன? சில, கணினியை வாங்கும்போதே அதில் இருக்கும். வேறு சில, இலவச மென்பொருள் ஒன்றைப் பதிவிறக்கும்போது அதனுடன் ஒட்டிக்கொண்டு வரும். நிறுவும்போது தோன்றும் அறிவிப்புகளைப் படிக்காமல் ‘அடுத்து’, ‘அடுத்து’ என்று அழுத்துவோர் கணினியில் இவை எளிதில் நுழைந்துவிடும்.

இவற்றுள் பெரும்பாலானவை இடத்தை அடைப்பவை மட்டுமே. சில ஆபத்தானவை. 2014ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லெனோவோ நிறுவனம் விற்ற சில மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்னும் விளம்பர மென்பொருள் முன்னரே நிறுவப்பட்டிருந்தது. அது பயனர் பார்க்கும் இணையப் பக்கங்களில் விளம்பரங்களைச் செருகியது. அதற்காகப் பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்றையும் கணினிக்குள் பதித்திருந்தது. பிறர் அறியாதவாறு பூட்டி அனுப்பப்படும் தகவல்களையும் இடைமறிக்க அச்சான்றிதழ் வழிசெய்தது. 2015 பிப்ரவரியில் இச்செய்தி உலகெங்கும் பரவியது. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அதை நீக்குமாறு மக்களுக்கு அறிவுறுத்தியது. நிறுவனமும் நீக்கும் கருவியை வெளியிட்டது. மென்பொருளை மட்டும் நீக்கினால் போதாது, சான்றிதழையும் தனியே நீக்க வேண்டும் என்பது அப்போது தெரியவந்தது.

எனவே, தேவையற்ற மென்பொருளை நீக்க மாணவி முடிவு செய்தது சரியே. அவள் மறந்தது அதற்கு முந்தைய படியை.

முதற்படி: காப்புநகல்

எதையும் நீக்குவதற்கு முன் நம் கோப்புகளை வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்தல் வேண்டும். இதனைக் காப்புநகல் என்பர். பென் டிரைவிலோ வெளிப்புற வன்தட்டிலோ இணையச் சேமிப்பிலோ வைக்கலாம். ஒரே இடத்தில் வைப்பதைவிட இரண்டு இடங்களில் வைப்பது நன்று.

படியெடுக்கும்போது நம் கோப்புகளை மட்டும் எண்ணக் கூடாது. அக்கணினியைப் பயன்படுத்தும் அனைவரையும் கேட்க வேண்டும். அப்பாவின் வங்கி ஆவணங்கள், அம்மா சேமித்த படங்கள், ஊரில் இருக்கும் பாட்டியின் குரல்பதிவு ஆகியவை எந்த மூலையில் உள்ளனவோ நமக்குத் தெரியாது.

களையெடுக்கும் முறை

விண்டோஸ் இயங்குதளம் உள்ள கணினியில் பின்வரும் வரிசையில் செய்யலாம்.

1. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துக. டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்த மென்பொருள் எவ்வளவு நினைவகத்தைப் பயன்படுத்துகிறது என்பதை அது காட்டும். நோயை அறிந்த பிறகே மருந்து.

2. அதே டாஸ்க் மேனேஜரில் ‘ஸ்டார்ட்அப்’ என்னும் பகுதியைத் திறக்க. கணினியுடன் தாமே தொடங்கும் மென்பொருள்களின் பட்டியல் அங்கே இருக்கும். அன்றாடம் தேவைப்படாதவற்றை முடக்குக. முடக்குதல் வேறு, நீக்குதல் வேறு. முடக்கிய மென்பொருள் கணினியிலேயே இருக்கும். வேண்டும்போது நாமே திறந்துகொள்ளலாம். தவறாக முடக்கினாலும் மீண்டும் இயக்கிவிடலாம். ஆகவே, ஐயம் எழும்போது நீக்காமல் முடக்கிப் பார்ப்பதே அறிவுடைமை.

3. ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘ஆப்ஸ்’ என்பதைத் திறந்து, நிறுவப்பட்ட மென்பொருள்களின் பட்டியலைப் படிக்க. ஒவ்வொன்றின் பெயரையும் தாளில் எழுதுக. பயன் தெரியாதவற்றைப் பற்றி இணையத்தில் தேடியோ தெரிந்தவரிடம் கேட்டோ அறிக. பிறகு தேவையற்றவற்றை நீக்குக.

4. ‘ஸ்டோரேஜ்’ பகுதியில் தற்காலிகக் கோப்புகளை அழிக்கலாம். இங்கே கவனம் தேவை. அப்பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்னும் கோப்புறையும் இடம்பெறும். அதில் குறியிட்டுவிட்டால், நாம் பதிவிறக்கி வைத்த பாடக்குறிப்புகளும் சான்றிதழ்களும் அழிந்துபோகும்.

5. உலாவியில் சேர்ந்துள்ள நீட்டிப்புகளைப் பார்க்க. நாம் சேர்க்காதவற்றையும் பயன்படுத்தாதவற்றையும் நீக்குக.

6. நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் ஒன்று போதும். வெளியிலிருந்து இரண்டு, மூன்று நிறுவினால் அவை ஒன்றையொன்று தடுத்துக் கணினியை மேலும் மந்தமாக்கும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் தடுப்பு மென்பொருள் உள்ளேயே அமைந்துள்ளது.

ஒரே நாளில் அனைத்தையும் நீக்க வேண்டா. ஒன்றிரண்டை நீக்கி, கணினியை மீண்டும் தொடங்கி, எல்லாம் முன்போல இயங்குகின்றனவா என்று பார்த்த பிறகு அடுத்ததற்குச் செல்க.

பெயர் தெரியாதவை எல்லாம் களை அல்ல

மாணவியின் தவறு இங்கேதான் நிகழ்ந்தது. ‘எனக்குத் தெரியாதது யாருக்கும் தேவைப்படாது’ என்று அவள் எண்ணிவிட்டாள். பட்டியலில் ‘விஷுவல் சி பிளஸ் பிளஸ்’ என்று தொடங்கும் பெயர்கள் சில இருக்கும். அவற்றை நாம் திறப்பதே இல்லை. ஆனால், வேறு மென்பொருள்கள் அவற்றின் துணையோடு இயங்குகின்றன. ஒலி, திரை, அருகலை ஆகியவற்றை இயக்கும் மென்பொருள்களும் இத்தகையவை. இவற்றை நீக்கினால் கணினியின் ஓர் உறுப்பு செயலிழந்துவிடும்.

அவள் நீக்கியவற்றுள் பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஒன்றும் இருந்தது. அதனுடன் வந்த எழுத்துருவும் அதனோடு போய்விட்டது. தாத்தாவின் பக்கங்கள் அந்த எழுத்துருவில் எழுதப்பட்டவை.

இதைப் புரிந்துகொள்ளச் சிறிது வரலாறு தேவை. தொடக்கத்தில் கணினியில் தமிழுக்குப் பொதுவான குறியீடு இல்லை. ரோமன் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் எழுத்துகளின் வடிவங்களை வைத்து, பலரும் பலவகை எழுத்துருக்களை உருவாக்கினர். ஓர் எழுத்துருவில் எழுதியதை மற்றோர் எழுத்துருவில் படிக்க இயலாது. இக்குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடைபெற்றது. தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளும் அதில் பிறந்தன. பின்னர், உலக மொழிகளின் எழுத்துமுறைகளுக்குத் தனித்தனி இடம் வழங்கும் யுனிகோடு முறை பரவியது. தமிழ்நாட்டு அரசு 2010ஆம் ஆண்டில் அதனை ஏற்றது. இன்று நாம் கைப்பேசியில் எழுதும் தமிழ் யுனிகோடு தமிழே.

ஆகவே, தாத்தாவின் பக்கங்கள் அழியவில்லை. அவற்றைத் தமிழாகக் காட்டும் எழுத்துரு மட்டுமே இல்லாமற்போயிற்று. கோப்பு அப்படியே இருந்தது. இதை நான் சொன்னபோது மாணவியின் முகம் மலர்ந்தது. அக்காவிடம் இருந்த பழைய பென் டிரைவில் அந்த எழுத்துரு கிடைத்தது. அதை நிறுவியவுடன் பக்கங்கள் மீண்டும் தமிழாயின.

அதோடு நாங்கள் நிற்கவில்லை. எழுத்துருவை நம்பியிருக்கும் எழுத்து என்றேனும் ஒருநாள் இவ்வாறு மறையும். எனவே, இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றி ஒன்றின் துணையால் பக்கங்கள் அனைத்தையும் யுனிகோடுக்கு மாற்றினோம். மாற்றத்தில் சில எழுத்துகள் பிழைபட்டன. தாத்தா படிக்க, பேத்தி திருத்தினாள். ‘மறுகால்’ என்றால் குளம் நிரம்பியபின் மிகுந்த நீர் வெளியேறும் வழி என்று அப்போதுதான் அவள் அறிந்தாள். தில்லியில் பிறந்து வளர்ந்தவள் அவள். அச்சொற்களை வேறெங்குக் கேட்டிருப்பாள்?

தூசும் வெப்பமும்

மென்பொருளைச் சீர்செய்தும் வேகம் கூடவில்லையெனில், கணினியின் உடலைப் பார்க்க வேண்டும். தில்லியின் கோடைப் புழுதிக்காற்றை நீங்கள் அறிவீர்கள். அத்தூசு கணினியின் விசிறியிலும் காற்றுத் துளைகளிலும் படிகிறது. உள்வெப்பம் வெளியேற இயலாதபோது, கணினி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. குளிர்காலத்தில் ரஜாயின் மீது வைத்துப் பயன்படுத்தினாலும் துளைகள் அடைபடும். மேசை அல்லது பலகையின் மீது வைப்பதே முறை.

பழைய மடிக்கணினிகள் பலவற்றில் சுழலும் வன்தட்டு உள்ளது. அது நிமிடத்திற்கு 5400 முறை சுழன்று, நொடிக்கு ஏறத்தாழ 100 மெகாபைட் தரவைப் படிக்கும். எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் பாகமே இல்லை. அதன் எளிய வகைகூட நொடிக்கு ஏறத்தாழ 500 மெகாபைட் படிக்கும். வன்தட்டை மாற்றி எஸ்.எஸ்.டி. பொருத்துவதும் நினைவகத்தைக் கூட்டுவதும் புதிய கணினியைவிடக் குறைந்த செலவில் முடிபவை. நேரு பிளேசுக்குச் செல்வதாயின், பழையதைக் கொடுத்துவிட்டு வருவதற்கு முன் இதற்கு என்ன செலவாகும் என்று முதலில் கேட்கலாம்.

அச்சத்தை விற்போர்

கணினி மந்தமானால் மனத்தில் அச்சம் தோன்றும். அந்த அச்சத்தையே பொருளாக்குவோர் உளர். ‘உங்கள் கணினியில் நச்சுநிரல் புகுந்துள்ளது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று திரையில் திடீரென ஓர் அறிவிப்பு தோன்றும். அழைத்தால், உதவுவதாகச் சொல்லிக் கணினியைத் தொலைவிலிருந்து தம் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டு பணம் பறிப்பர். 2023 அக்டோபரில் மத்தியப் புலனாய்வுத் துறை ‘ஆபரேஷன் சக்ரா 2’ என்னும் பெயரில் இத்தகைய மோசடிக் கும்பல்களைத் தேடிப் பல மாநிலங்களில் சோதனை நடத்தியது.

விண்டோஸின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இராது. இதை நினைவில் வைக்க. வீட்டில் எவரேனும் ஏமாற்றப்பட்டால் 1930 என்னும் எண்ணில் உடனே முறையிடலாம்.

இயங்குதளத்தின் வயது

கணினி நன்றாக இருந்தாலும் அதன் இயங்குதளம் முதுமை அடையும். விண்டோஸ் 10இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிவடைந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் இல்லாத இயங்குதளத்தில் இணையத்தைப் பயன்படுத்துவது இடர் மிக்கது. விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகமும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும் தேவை. இவை இல்லாத கணினிகளில் லினக்ஸ் வகை இயங்குதளங்களை விலையின்றி நிறுவலாம். சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி, 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் அவற்றுள் ஒன்று. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் அதைப் பயன்படுத்தலாம். தமிழ்நாட்டு அரசு தொடக்க ஆண்டுகளில் வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் அதுவும் இருந்தது.

தூக்கி எறிந்தால் எங்குச் செல்லும்?

ஒரு கணினியை நாம் எறிந்துவிட்டால் அது மறைந்துபோவதில்லை. வடகிழக்குத் தில்லியில் உள்ள சீலம்பூரில் பழைய கணினிகளைப் பிரித்துச் செம்பு முதலிய உலோகங்களை எடுப்பதே பலருக்குப் பிழைப்பு. கையுறையும் முகமூடியும் இன்றி, அமிலத்திற்கும் புகைக்கும் நடுவே அவ்வேலை நடந்து வந்துள்ளது. 2022ஆம் ஆண்டில் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. அதில் நான்கில் ஒரு பங்குகூட முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகவில்லை. நாம் சீர்செய்து மூன்றாண்டுகள் கூடுதலாகப் பயன்படுத்தும் ஒவ்வொரு கணினியும் அக்குவியலை அந்த அளவிற்குக் குறைக்கிறது. இனிச் சீராகாது என்னும் நிலை வந்தால், பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.

அந்த மடிக்கணினி இன்றும் அவ்வீட்டில் இயங்குகிறது. அதன் மேல்மூடியில் மாணவி ஒரு சிறு தாளை ஒட்டியிருக்கிறாள். “நீக்கும் முன் கேள், கேட்கும் முன் படியெடு” என்று அதில் எழுதியிருக்கிறாள். தாத்தாவின் சொற்பட்டியல் மூன்று இடங்களில் பாதுகாப்பாக உள்ளது. அதை மேலும் வளர்ப்பவள் இப்போது பேத்தி.

சொற்பொருள்

மந்தம் – வேகக் குறைவு
காப்புநகல் – பாதுகாப்பிற்காக எடுத்து வைக்கும் படி
எழுத்துரு – எழுத்துகளின் வடிவத் தொகுதி
இயங்குதளம் – கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்
அருகலை – கம்பியின்றி இணையத்தில் இணைக்கும் வசதி
கலிங்கு – ஏரியின் மிகைநீர் வெளியேறக் கட்டிய கற்கட்டு

பயிற்சிகள்

அ. சுருக்கமாக விடை எழுதுக.
1. நினைவகமும் வன்தட்டும் எவற்றுடன் ஒப்பிடப்பட்டுள்ளன? ஏன்?
2. முடக்குதல், நீக்குதல் – வேறுபடுத்துக.
3. தாத்தாவின் கோப்பு அழியாமலேயே படிக்க இயலாமற்போனது எவ்வாறு?

ஆ. விரிவாக விடை எழுதுக.
‘பெயர் தெரியாதவை எல்லாம் களை அல்ல’ – பாடத்தின் வழி விளக்குக.

இ. செயல் திட்டம்
உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஊர்வழக்குச் சொற்கள் பத்துக் கேட்டு, அவற்றின் பொருளுடன் யுனிகோடு தமிழில் தட்டச்சு செய்க. அக்கோப்பை இரண்டு இடங்களில் சேமித்து வைக்க.